பசி காதை அடைக்கும் முன்

(மிதிவண்டிப் பந்தயத்தில் உணவும் களைப்பும் பற்றி, நாமக்கல்லில் மாணவர்களும் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். இன்றைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனாலும் கண் முதலில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குத்தான் போகிறது. எதில் காற்று இறங்கியிருக்கிறது, எந்தப் பிள்ளை சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முட்டியைக் கெடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இன்றும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அங்கே நிற்கும் சைக்கிள்களில் பாதிக்கு மேல் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்தவை. அதே சைக்கிளில்தான் நீங்கள் பள்ளிக்கு வருகிறீர்கள். செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளில் மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டியில் ஓட்டுவதும் அதைத்தான்.

அந்தப் போட்டியின் விதிகள் உங்களுக்குத் தெரியும். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. சின்னப் பையன்களுக்கு 15 கிலோமீட்டர், சின்னப் பெண்களுக்கு 10. அதற்கு மேற்பட்ட பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. கியர் வைத்த வெளிநாட்டு வண்டிக்கு இடமில்லை. நம் ஊரில் தயாரான சாதாரண சைக்கிள்தான். ஆகவே பிள்ளைக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் வண்டியால் வருவதில்லை. காலாலும் மூச்சாலும் வருகிறது. வயிற்றாலும் வருகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு செப்டம்பர் 15-ல்தான்.

சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண் அவள். 17 வயதுப் பிரிவு. பயிற்சியில் பையன்களையே பின்னால் விட்டவள். பந்தயம் தொடங்கி ஏழெட்டுக் கிலோமீட்டர் வரை முன்னால் போனாள். நான் இருசக்கர வண்டியில் பின்தொடர்ந்தேன். பத்தாவது கிலோமீட்டர் தாண்டியதும் அவள் சக்கரம் கோணலாக ஓடத் தொடங்கியது. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம். "எந்திரி! இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இல்ல. மனசுல தெம்பு இல்லீனா பந்தயத்துக்கு எதுக்கு வர்றே?" என்று சத்தம் போட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. கை வெடவெடத்தது. "காது அடைக்குதுங்க சார்" என்றாள்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நேத்து ராத்திரி சாப்பிட்டதுங்க சார். வயிறு கனமா இருந்தா மிதிக்க முடியாது, வெறும் வயித்துல வாங்கன்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். எனக்கு என் ஆசிரியர் சொன்னது, அவருக்கு அவர் ஆசிரியர் சொன்னது. அதோடு, பேருந்துக் காசை மிச்சம் பிடிக்க அவள் ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துத்தான் புறப்படும் இடத்துக்கே வந்திருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து வெல்லத்தைக் கரைத்து ஒரு சொம்பு கொடுத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. பந்தயம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உடம்பு எப்படி ஓடுகிறது என்று புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து நான் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அவள் சொன்ன சொல்லிலிருந்தே தொடங்கலாம். பசி காதை அடைக்கிறது, பசிமயக்கம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பசி வயிற்றில் இருக்க, காது ஏன் அடைக்க வேண்டும்? கண் ஏன் இருட்ட வேண்டும்? மூளை தன் வேலைக்குப் பெரும்பாலும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையையே நம்பி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் அதற்கு வேண்டும். ஆனால் நம் உடம்பு முழுவதும் ஓடும் ரத்தத்தில் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் நான்கைந்து கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை! அந்தத் தேக்கரண்டி காலியாகாமல் நிரப்பிக்கொண்டே இருப்பது கல்லீரல். கல்லீரலில் நிறையச் சேமித்து வைத்தாலும் 100 கிராம் அளவுதான் தங்கும். இரவு முழுவதும் நாம் தூங்கும்போதும் மூளை விழித்திருந்து அதைச் செலவழிக்கிறது. காலையில் எழும்போது களஞ்சியம் பெருமளவு காலி. அந்த நிலையில் சாப்பிடாமல் பதினாறு கிலோமீட்டர் மிதித்து, மேற்கொண்டு பந்தயமும் ஓட்டினால், தேக்கரண்டி வற்றுகிறது. மூளை அபாயச் சங்கு ஊதுகிறது. அதைத்தான் காதடைப்பு என்கிறோம்.

கல்லீரலை விடப் பெரிய களஞ்சியம் தசையில் இருக்கிறது. கிளைக்கோஜன் என்று பெயர். சோற்றிலும் கிழங்கிலும் பழத்திலும் வரும் மாவுச்சத்து இந்த உருவத்தில் தசைக்குள் அடுக்கி வைக்கப்படுகிறது. வளர்ந்த ஆளின் தசைகளில் 400, 500 கிராம் வரை இருக்கலாம். கல்லீரலையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 2000 கிலோகலோரி. கொழுப்பு இதைப்போல் பல மடங்கு நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் கொழுப்பு ஈர விறகு. மெதுவாக எரியும். வேகமாக மிதிக்க வேண்டிய நேரத்தில் தசை கேட்பது மாவுச்சத்தைத்தான்.

இந்த 2000 என்ற எண்ணை நம் ஊர்ச் சாலையில் வைத்துப் பார்ப்போம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 1100 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆளும் வண்டியுமாக 72 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 770 கிலோஜூலுக்கு மேல் வேலை செய்தாக வேண்டும். நாம் சாப்பிடுவதில் நாலில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவுதான் மிதியில் போய்ச் சேரும். மீதி வெப்பமாகப் போகிறது. கணக்குப் போட்டால் ஒரு கிலோஜூல் வேலைக்கு ஒரு கிலோகலோரி சாப்பாடு என்று வந்து நிற்கும். ஏற்காட்டு ஏற்றம் மட்டும் சுமார் 800 கிலோகலோரி. களஞ்சியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரே மலைக்கு. காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறிக் கொல்லிமலை போனாலும் இதற்கு நெருங்கிய கணக்குத்தான். சனி, ஞாயிறுகளில் இந்த மலைகளை ஏறும் இளைஞர்கள் இறங்கி வரும்போது ஏன் கண் கலங்கி வருகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

களஞ்சியத்தை நேரில் திறந்து பார்த்தவர்கள் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் இருவர், ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹுல்ட்மனும். தசைக்குள் ஊசியைச் செலுத்தி அரிசிமணி அளவு சதையை எடுத்து அளக்கும் முறையை அவர்கள் கையாண்டார்கள். 1966-ல் வெளியான அவர்களுடைய சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஒரே சைக்கிள். ஒருவர் இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம். ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மற்ற கால் சும்மா இருந்தது. ஓய்ந்து போகும்வரை மிதித்துவிட்டு, மூன்று நாள் மாவுச்சத்தாகவே சாப்பிட்டார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் முன்பைப்போல் இரண்டு மடங்கு ஏறியிருந்தது. சும்மா இருந்த காலில் அப்படி ஒன்றும் ஏறவில்லை. உழைத்த கால்தான் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சேமித்தது. அடுத்த ஆண்டு அதே குழுவினர் ஒரே ஆட்களுக்கு மூன்று வகைச் சாப்பாடு கொடுத்து மிதிக்கச் சொன்னார்கள். கறியும் கொழுப்புமாகச் சாப்பிட்டபோது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தார்கள். கலந்து சாப்பிட்டபோது இரண்டு மணி. மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டபோது இரண்டே முக்கால் மணி. ஆள் அதே ஆள், சைக்கிள் அதே சைக்கிள்.

அந்தப் பெண்ணிடம் மனசில் தெம்பு இல்லையா என்று நான் கேட்டேனே, அந்தக் கேள்வி எவ்வளவு தப்பு என்று இதைப் படித்தபோதுதான் உறைத்தது. உலகத்தின் பெரிய வீரர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றவர் ஸ்பெயின் நாட்டு மிகேல் இந்துரைன். 1996-ல் லெ ஆர்க் மலை ஏறும்போது கடைசிச் சில கிலோமீட்டரில் பசியும் தாகமுமாகத் துவண்டு நிமிடக்கணக்கில் பின்தங்கினார். ஆறாவது வெற்றி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அதே பந்தயத்தில் 2023-ல் கோல் டி லா லோஸ் மலையில் டாடேய் போகாச்சர் என்ற வீரர் துவண்டபோது அவருடைய வண்டிக்குப் பின்னால் சமையற்காரர், சத்துணவு நிபுணர், கணினி என்று ஒரு படையே இருந்தது. அவர்களுக்கே இது நடக்கிறது என்றால், இரவு சாப்பிட்ட சோற்றை நம்பி வந்த நம் பிள்ளையை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன சாப்பிடுவது? இந்த மண்ணில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதே எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு விளையாத ஊர் நம் பக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கமிருந்து சவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் இந்தக் கிழங்கு மாவில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-லிருந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பே இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்த ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நூறு கிராமில் 85 கிராமுக்கு மேல். நார் இல்லை, கொழுப்பு இல்லை, வயிற்றில் தங்கி இம்சை செய்யாது. புரதமும் இல்லை என்பதால் தினசரிச் சாப்பாடாக அது போதாது. பந்தயத்துக்கு முந்தைய நாள், பந்தயக் காலை, இரண்டுக்கும் அதைவிட எளிதான கஞ்சி ஏது? மலேசியாவில் சைக்கிள் வீரர்களுக்குச் சவ்வரிசிக் கஞ்சி கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அவர்களுடையது பனையிலிருந்து எடுக்கும் மாவு, நம்முடையது கிழங்கிலிருந்து. இரண்டும் மாவுச்சத்துதான்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் போனால் காவிரிக் கரை நெடுக வாழையும் கரும்பும். 2012-ல் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோமீட்டர் ஓட்டவிட்டார்கள். ஒரு முறை கடையில் விற்கும் விளையாட்டுப் பானம், இன்னொரு முறை வாழைப்பழமும் தண்ணீரும். நேரத்தில் வித்தியாசமே இல்லை. பிறகு வேறொரு பல்கலைக்கழகத்தில் உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். விலையுயர்ந்த ஜெல் பாக்கெட் செய்த வேலையைக் கிழங்கு செய்தது. வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியது. நூறு, நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு ஜெல் வாங்க முடியாததால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று கவலைப்படும் பெற்றோர் இந்தச் செய்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குடலில் குளுக்கோஸ் நுழைய ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவு வழியாக மணிக்குச் சுமார் 60 கிராம்தான் உள்ளே போகும். அதற்கு மேல் குடித்தால் வயிற்றில் தேங்கிக் குமட்டும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு கதவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு கதவும் திறந்து மணிக்கு 90 கிராம் வரை உள்ளே அனுப்பலாம் என்பது கடந்த இருபதாண்டு ஆராய்ச்சியின் பெரிய கண்டுபிடிப்பு. இன்றைய தொழில்முறை வீரர்கள் பழகிப் பழகி 100, 120 கிராம் வரை போகிறார்கள். இதற்கென்றே இரண்டு சர்க்கரையும் கலந்த பொடியை டப்பாவில் விற்கிறார்கள். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ். சுக்ரோஸ் உடைந்தால் ஒரு பங்கு குளுக்கோஸ், ஒரு பங்கு ஃபிரக்டோஸ். ஜேடர்பாளையத்து ஆலைக் கொப்பரையிலிருந்து இறங்கும் வெல்லத்தில் இரண்டு கதவுக்கும் சாவி இருக்கிறது.

வெல்லத்தண்ணீரில் உப்பும் சேர்ப்பது ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1971-ல் வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பங்காவ்ன் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. திலீப் மஹாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டித் தண்ணீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் நுழையும் அந்தக் கதவு உப்பில் உள்ள சோடியத்தையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது, தண்ணீர் அவை இரண்டையும் பின்தொடர்கிறது என்ற உண்மைதான் அந்த மருந்து. அவர் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அவர் வழி வந்ததுதான். திருச்செங்கோட்டு வைகாசித் தேருக்கு வடம் பிடிப்பவர்களுக்கு வெயிலில் பானகம் கொடுக்கும் பழக்கம் எத்தனை தலைமுறையாக இருக்கிறதோ தெரியாது. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, கூட ஒரு சிட்டிகை உப்பு. சைக்கிள்காரனுக்கும் அதுவே போதும். அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், கால் தேக்கரண்டி உப்பு. இதைவிடக் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும்.

வெயிலைப் பற்றிப் பேசாமல் சேலம், நாமக்கல் சமவெளியில் சைக்கிளைப் பற்றிப் பேச முடியாது. 1997-ல் ஸ்காட்லாந்தில் காலோவே, மான் என்ற இருவர் வெவ்வேறு குளிரிலும் சூட்டிலும் ஒரே ஆட்களை ஓயும்வரை மிதிக்க வைத்தார்கள். 11 டிகிரியில் 93 நிமிடம் தாங்கினார்கள். 21 டிகிரியில் 81. 31 டிகிரியில் 52 நிமிடத்துக்குள் ஓய்ந்தார்கள். பங்குனி, சித்திரையில் 31 டிகிரி என்பது நமக்குக் காலை எட்டரை மணி! அந்தச் சூட்டில் ஓய்ந்தவர்களின் தசையில் கிளைக்கோஜன் மிச்சம் இருக்கும். உடம்பின் உட்சூடு 40 டிகிரியை நெருங்கும்போது மூளையே காலை நிறுத்தச் சொல்கிறது. அந்த நேரத்தில் வெல்லத்தண்ணீர் மட்டும் காப்பாற்றாது. நிழலும், தலையில் ஊற்றும் தண்ணீரும், நிறுத்திவிடும் துணிச்சலும் வேண்டும். 1967-ல் வெயில் கொளுத்திய மான் வான்தூ மலையில் டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய வீரர் பந்தயத்திலேயே விழுந்து இறந்தார். அவர் உடலில் ஊக்கமருந்து இருந்தது. உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அந்த மருந்து அமுக்கிவிடும். பேட்டைக்குப் பேட்டை ஜிம் வாசலில் பெயர் தெரியாத பொடிகளை விற்கிறார்கள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பிள்ளைகளே, தொடாதீர்கள். கேன் பானங்களில் இருக்கும் காஃபீனும் உங்கள் வயதுக்கு வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது? ஆளுக்கு ஆள் வேர்வை வேறு. புறப்படும் முன் எடை பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டித் திரும்பியதும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. சட்டை காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுந்தால் உப்பு நிறையப் போகும் உடம்பு உங்களுடையது. ஒரேயடியாக வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, உப்போடு. இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வேர்வையில் போவது சோடியம். நீர்மோரில் உப்பு இருக்கிறது, சர்க்கரை போதாது. பந்தயம் முடிந்தபின் இரண்டும் அருமை.

இந்த ஊரில் முட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னை வீட்டுக்கு விடமாட்டீர்கள். பந்தயத்தன்று காலை பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. நானே ஊற்றியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு. பெல்ஜியத்தில் 1998-ல் அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதம் நூற்றுக்கு 90 பங்கு உடம்பில் சேர்ந்தது. பச்சை முட்டையில் 51 பங்குதான். வயிற்றுப்போக்குக் கிருமி வேறு வரலாம். அதைவிட முக்கியம், முட்டையில் மாவுச்சத்து கிடையாது. முட்டை கொத்தனார் மாதிரி. அடுப்பெரிக்கக் கொத்தனாரைக் கூப்பிட மாட்டோம். ஓட்டி முடித்து வந்தபின் சோற்றோடு மூன்று அவித்த முட்டை சாப்பிட்டால் 18, 20 கிராம் புரதம் கிடைக்கும். கிழிந்த தசைக்கு அதுதான் வேண்டும். சைவப் பிள்ளைகளுக்குப் பருப்பு, சுண்டல், தயிர்.

ஆகப் பந்தயக் காலையில் என்ன? மூன்று மணி நேரம் முன்னால் எழ முடிந்தால் ஐந்தாறு இட்லி, சட்னி கொஞ்சம், சாம்பார் கொஞ்சம். ஓர் இட்லியில் பத்து, பன்னிரண்டு கிராம் மாவுச்சத்து. இட்லி இல்லாத வீட்டில் பழைய சோறு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. வேறெந்தச் சாப்பாட்டுக்கும் அது குறைந்ததல்ல. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். தட்டுவடை செட் மாலைக்கு இருக்கட்டும். புறப்பட அரைமணி இருக்கும்போது ஒரு வாழைப்பழம். பதினைந்து, இருபது கிலோமீட்டர் பந்தயத்துக்கு வழியில் எதுவும் சாப்பிடத் தேவையில்லை.

ஆனாலும் ஒன்று சொல்வேன். 2004-ல் இங்கிலாந்தில் ஒரு மணி நேரப் பந்தய வேகத்தில் ஓட்டிய வீரர்களுக்கு மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டும் விழுங்கவில்லை. வேகம் கூடியது! அதே ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு முறை குளுக்கோஸை நேராக நரம்பில் ஏற்றினார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. சாப்பாடு வருகிறது என்ற செய்தியை நாக்கு மூளைக்குச் சொன்னதுமே மூளை பூட்டைத் தளர்த்துகிறது. களைப்பு என்பது காலில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்னொரு சாட்சியும் உண்டு. தொண்ணூறு நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை கொடுத்துவிட்டு மிதிக்கச் சொன்னால் ஆட்கள் சீக்கிரம் ஓய்கிறார்கள் என்று 2009-ல் கண்டார்கள். இதயமும் தசையும் அப்படியே இருந்தன. மிதிப்பது மட்டும் கனமாகத் தோன்றியது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் வரும். பந்தயத்துக்கு முந்தைய இரவு பன்னிரண்டு மணி வரை பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

பெரியவர்களாகி 200, 300, 600 கிலோமீட்டர் என்று ஆடாக்ஸ் எனப்படும் நெடுந்தூரச் சவாரி ஓட்டப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள் முடிக்க வேண்டும். முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசிக்குக் காத்திராமல். பசி வந்தபின் சாப்பிட்டால் அரைமணி தாமதம். ராத்திரி வழியில் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு ஏறியவர்கள் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள். எதையும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காமல் பந்தயத்தில் சாப்பிடக் கூடாது. குடலுக்கும் பயிற்சி வேண்டும்.

கடைசியாகப் பெண்பிள்ளைகளின் தாய்மார்களிடம் பேச வேண்டும். ஒருநாள் களைப்பு வேறு, மாதக்கணக்கில் விடாத சோர்வு வேறு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019-21-ல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆக்ஸிஜனைச் சுமக்கும் வண்டியே பாதி ஓடாதபோது எந்த வெல்லமும் எந்த வாழைப்பழமும் பயன்படாது. பயிற்சியில் திடீரென்று பின்தங்கும் பெண்ணை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது. முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்தால் சேரும். மாதவிலக்கு நின்றுபோனால் அது பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்று உடம்பு முறையிடுகிறது. 2014-லேயே ஒலிம்பிக் குழு இதை ஒரு நோய்நிலையாகப் பெயரிட்டு எச்சரித்திருக்கிறது. எடை குறைந்தால் மலை ஏறலாம் என்று பிள்ளையைப் பட்டினி போடும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் ஒரு செப்டம்பர் 15-ல்தான், 2022-ல், மதுரையில். அது ஐந்தாம் வகுப்பு வரை. பந்தயம் ஓட்டும் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்கு மேல் வகுப்பு. அவர்களுடைய காலைச் சாப்பாட்டுக்கு நாம்தான் பொறுப்பு. உடற்கல்வி ஆசிரியர்களே, வருகிற அண்ணா பிறந்தநாளில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், எங்கிருந்து மிதித்து வந்தாய்? தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளை முந்தைய நாளே பேசி, சைக்கிளை வேனில் ஏற்றி வர ஏற்பாடு செய்யுங்கள். புறப்படும் இடத்தில் ஒரு பானகப் பானை வையுங்கள். நூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால் இருபது லிட்டர் போதும். அதற்கு வேண்டியது ஒன்றேகால் கிலோ வெல்லம், ஒரு கைப்பிடி உப்பு, இருபது எலுமிச்சம்பழம். நாமக்கல் பந்தயத்துக்கான வெல்லத்தை நான் வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன். கரைக்க நான்கு பேர் வேண்டும்.